பத்தொன்பது

மார்கழி மழை விட்டு ஆறாம் நாள்.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரவு இரண்டே முக்கால்.
ஊதா மூடிக் குழாய்கள் தட்டில் நாற்பத்தொன்று.
காய்ச்சல் என்று வந்தவர்கள் இத்தனை பேர்,
இதில் டெங்கு எத்தனை என்று
காலைக் கூட்டத்தில் கேட்பார்கள்.
இப்போதைக்கு இருபத்தாறு.
பெயர் விளங்காத ஒரு குழாயை
இன்னும் சேர்க்கவில்லை.

கீற்றின் இரண்டாவது கோடு
சிலருக்குக் கூச்சப்பட்டு வரும்.
விளக்கில் பிடித்து, சரித்து,
திரும்பவும் பிடித்துப் பார்க்க வேண்டும்.
ஆறாம் நாள் காய்ச்சலுக்கு வராமலே போகும்.
வராததை நம்பி
ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

பற்றிமாகரன், வயது நாற்பத்து நான்கு, குருநகர்.
கடற்கரையில் மீன் கூறுகிறவராம்.
விடிய விடிய எண்களை ஏற்றிப் பழகிய வாய்.
அவருடைய சிறுதட்டோ
முந்தநாள் தொண்ணூற்றெட்டு,
நேற்று ஐம்பத்து மூன்று,
இப்போது பத்தொன்பது
(ஆயிரங்களை நாங்கள் சொல்வதில்லை).

யன்னலடியில் அவர் மனைவி.
சோடாப் போத்தலில் பப்பாசி இலைச் சாறு.
"காய்ச்சல் விட்டிட்டுது மிஸ்,
மேல் நல்லாக் குளிர்ந்திட்டுது.
நாளைக்கு வீட்ட விடுவினமோ?"

காய்ச்சல் விடுகிற நேரம்தான்
எங்களுக்குப் பயமான நேரம்.
குழாய்ச் சுவர் கசிந்து நீர் வெளியே போக,
உள்ளே மிஞ்சியது தடிக்கும்,
வெயிலில் ஆனையிறவுப் பாத்தி மாதிரி.
செங்கல அடர்வு முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்பது.
அந்த ஒன்று மட்டும் ஏறுகிறது.
"டொக்டர் சொல்லுவார் அம்மா" என்றேன்.
எனக்கு அனுமதித்த வசனம் அவ்வளவுதான்.

இருபதுக்குக் கீழே என்றால்
இயந்திரத்தை நம்பாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.
கண்ணாடித் துண்டில் எண்ணெய் ஒரு சொட்டு.
ஒரு புலத்தில் ஒன்று.
அடுத்ததில் ஒன்றுமில்லை.
பிறகு ஒன்று.
எங்கேயாவது கட்டியாய் ஒட்டிக்கொண்டு
எண்ணுக்குள் வராமல் ஒளிந்திருக்குமோ என்று
ஓரங்கள் வரைக்கும் தேடினேன்.
இல்லை.
இயந்திரம் பொய் சொல்லியிருக்கலாம், இந்த ஒருமுறை.

விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"பத்தொன்பது. நாற்பத்தொன்பது."
தாதி திருப்பிச் சொன்னாள்.
வாங்கி வைக்க மறந்த தொலைபேசியில்
செருப்புகள் ஓடுகிற சத்தம்.

ஏசிக்குக் கீழே நீர் சொட்ட வைத்த வாளி
எத்தனை நாளாய் அப்படியே நிற்கிறதோ.
எட்டிப் பார்த்தால்
காற்புள்ளி அளவில் ஏழெட்டு நெளிகின்றன.
எங்கள் கூடத்திலேயே.
வெளிச் சீமெந்தில் கவிழ்த்துவிட்டு
காய்கிறவரைக்கும் நின்றேன்.
இதைக் கூட்டத்தில் கேட்கமாட்டார்கள்;
நானாய்ச் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு மணிக்குத் திரும்பவும் அவர் பெயர்.
சிறுதட்டு பதினேழு.
செங்கல அடர்வு நாற்பத்திரண்டு.
இறங்கியது ஏற்றிய சேலைனாலா,
வயிற்றுக்குள் எங்கேயோ ஒழுகுகிற இரத்தத்தாலா?
இரண்டுக்கும் இதே நாற்பத்திரண்டுதான்.
அதைக் கட்டிலடியில் நிற்பவர்கள்
தொட்டுத்தான் அறிய வேண்டும்.
எழுதிக் கையொப்பம் வைத்தேன்.
குழாய் இன்னும் ஆறாமல்
கைக்குள் சுட்டது.