கடைசியாக நன்றாக இருந்த நேரம்

படிவத்தின் ஆறாவது கேள்வி அது.
கடைசியாக நன்றாக இருந்த நேரம்.
மணிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி.
களுவாஞ்சிக்குடிக்கு வருகிற எவரும்
அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கும்படி
பதில் சொன்னதில்லை.

"மாடு அவிழ்க்கேக்க நல்லாத்தானே மிஸ் இரிந்தார்."
"கறண்ட் போய் வந்திச்சே, அதுக்குக் கொஞ்சம் முந்தி."
"நான் குளத்தால வரேக்க கதிரையில சாஞ்சிருந்தா."
முன்பெல்லாம் நான்
'காலை' என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

சனிக்கிழமை வகுப்பெடுக்க வந்தவள்
மருதமுனைப் பர்ஹானா.
என்னைவிட ஏழு வயது குறைவு.
மூன்றாவது படத்தோடு திரை இருண்டுபோனது.
அவள் மேசையிலிருந்த பிளேன்டீயைத் தூக்கிக் காட்டினாள்.
"இதை நான் ஒருத்தருக்குக் குடுத்தனான்.
வாய் கோணி வந்தவர், தாகமெண்டு சைகை காட்டினார்.
விழுங்க ஏலுமா எண்டு பார்க்கல்ல.
மூண்டாம் நாள் நெஞ்சுச் சளி.
ஆறாம் நாள் கட்டிலுக்குப் புது விரிப்பு."

அன்று யாரும் தேநீரைத் தொடவில்லை.
கோப்பை விளிம்பில் எறும்பு ஊர்ந்தது.

பிறகு சொன்னாள்:
"நாலரை மணித்தியாலம் மருந்தின்ட மணிக்கூடு.
சனத்தின்ட மணிக்கூடு வேற.
அதை வாசிக்கிறது டொக்டர் இல்ல,
நீங்க."

செவ்வாய்க்கிழமை, ஏழு இருபது.
மண்டூர்ச் சாமித்தம்பி,
வயது அறுபத்தொன்று.
வலக்கை கட்டிலுக்கு வெளியே தொங்க,
சொல்ல வந்தது கடைவாயில் எச்சிலாக வழிய.
பிளாஸ்கைத் திறந்த வள்ளிப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.
"தண்ணியும் வேணாம் அம்மா. இப்ப ஒண்டும் வேணாம்."
விரலில் குத்திச் சீனி பார்த்தேன். சீனி சரி.

"எழும்பேக்கயே இப்பிடித்தான் மிஸ்."

அப்படியென்றால் நேற்றிரவு ஒன்பதரை.
அப்படியென்றால் எல்லாம் முடிந்தது.
பேனை பெட்டியைத் தொட்டுவிட்டது.

தூக்கினேன்.
இரவில் எழும்பினவரா?
கதவு திறந்த சத்தம் கேட்டதா?
நாய் குரைத்ததா?
போன் எங்கே?

மகன் சேர்ட் பையிலிருந்து எடுத்தான்.
கத்தாரிலிருந்து அக்காவின் அழைப்பு,
ஐந்து நாற்பத்தொன்று, பதினொரு நிமிடம்.
திருப்பி எடுத்தோம்.
இரவு வேலையிலிருந்த அவள்
ஏதோ இயந்திர இரைச்சலுக்குள் கத்தினாள்:
"அப்பா வடிவாத்தானே கதைச்சவர்!
மூத்தவன்ட பல்லு விழுந்திட்டா எண்டு கேட்டவர்.
ஏன்? ஏன் கேக்கிறீங்க?"

05. 52.
என் கையெழுத்து அவ்வளவு அழகாக
ஒருநாளும் இருந்ததில்லை.

மட்டக்களப்புக்கு அழைப்பெடுத்தேன்.
அம்புலன்ஸ் கிளம்பும்போது ஏழு நாற்பத்து நான்கு.
அவள் ஏன் கேட்டீர்கள் என்று கேட்டதற்கு
யாரும் பதில் சொல்லவில்லை என்பது
பத்து மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது பேசுகிறார்.
கை இன்னும் பாதிதான்,
கரண்டி பிடிக்கும், சேர்ட் பொத்தானுக்கு மனைவி வேண்டும்.
கிளினிக் கொப்பியோடு வந்த வள்ளிப்பிள்ளை
போகிற போக்கில் ஒன்று கேட்டாள்:
"அண்டைக்குப் பாதை குருமண்வெளியில நிண்டிச்சு மிஸ்.
வாவிக் கரையில இருபது நிமிசம்
இவர மடியில வச்சுக்கொண்டிருந்தன்.
பாதை எங்கட பக்கம் நிண்டிருந்தா
அந்தக் கையும் வந்திருக்குமா?"

தெரியாது என்றேன்.
அந்த மிதக்கும் இரும்புத்தட்டுக்குப்
படிவத்தில் பெட்டி இல்லை.

அன்றிலிருந்து ஓரத்தில் எழுதுகிறேன்,
பென்சிலால், சிறிதாக:
பாதைக்குக் காத்திருந்தது, இருபது நிமிடம்.
ஓட்டோ தேடினது, முப்பத்தைந்து.
பரிகாரியிடம் போனது, ஒரு பகல்.
மாதக் கடைசியில் பர்ஹானா
படிவங்களைப் புரட்டிவிட்டு
அழிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன்.
ரூலர் கேட்டாள்.
ஓரத்தில் கோடு இழுத்து
இன்னொரு பெட்டி கட்டினாள்.