ஐம்பத்தாறாம் நாள்

கொழிஞ்சாம்பாறை ராவுத்தர் மில்லில்
மட்டை அரிசி மூட்டைக்குப் போகும்,
உமி பாய்லருக்கு.
சாம்பல்தான் யாருக்கும் வேண்டாமல்
மதில் தாண்டிப் பறந்து
பக்கத்து வீட்டுக் கொடியில்
வெள்ளை வேட்டிமேல் உட்கார்ந்து
வழக்கு வரை போனது.

நூறு கிலோ சிமெண்டில் இருபதை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் இதைப் போட்டேன்,
கறுப்பை ஒதுக்கி, நன்றாக வெந்ததை மட்டும்.
"தண்ணியாக் குடிக்குதுங்க மேடம்,
சித்தூர்க் கள்ளுக்கடைல பொறந்ததாட்டம்"
என்றான் கலவை போட்ட வேலாண்டி.

ஏழாம் நாள் ஒரு க்யூபை நசுக்கினேன்.
பொரியாக உதிர்ந்தது.
காண்ட்ராக்டர் மலையாளத்தில் திட்டினார்,
எதற்கும் இருக்கட்டுமென்று தமிழிலும்.

இருபத்தெட்டாம் நாள்
பத்தும் பத்தாததுமாக.

ஐம்பத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.
லேபில் நானும் ஒரு பல்லியும்.
முள் ஏறியது.
வெறும் சிமெண்ட் க்யூப் உடைந்த எண்ணில்
நிற்குமென்று பார்த்தேன்.
நிற்கவில்லை.
காதைப் பொத்திக்கொண்டு
சத்தத்துக்குக் காத்திருந்தேன்,
காத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது வாய்க்கால் மேல் அந்தச் சிறுபாலம்.
அறுவடை நாட்களில்
நெல் லாரிகள் மில்லுக்குப் போகின்றன,
போன வருஷத்து உமியின் மேலேறி.

வேட்டிக்காரர்
வழக்கை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.