மூன்றிலக்க ருசி

செனோக்கோ தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி.
சன்னலில்லா அறையில் சிவப்பு விளக்கைப் போடுகிறார்கள்.
நிறம் பொய் சொல்லுமாம்.
கருகியதும் பொன்னாய்ப் பொரிந்ததும்
இந்த வெளிச்சத்தில் ஒரே செங்கல் சில்லு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் முப்பது வருடம் டாக்சி ஓட்டிய பெங் குவான்.
கடைசியில் ஹஃபீஸா; நோன்பு மாதத்தில் வரமாட்டாள்.
பேசக் கூடாது.
ஒருவர் ‘ம்ம்’ என்றால்
மற்றவர் நாக்கும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.
வாரம் இருமுறை, அமர்வுக்கு முப்பது வெள்ளி.
தின்பதற்குக் கூலியா என்று சிரித்த என் கணவர்
இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.
அவர் வைத்த ரசத்துக்கும்
மதிப்பெண் போட்டுவிடுவேனோ என்று பயம்.

சின்னக் கதவு மேலேறுகிறது.
வெள்ளைக் கோப்பை, ஐந்து வில்லை.
பெயரில்லை, எண் மட்டும்.

194, உப்பு முட்டை.
முதல் வில்லையில் ராஜா, மூன்றாவதில் கடன்காரன்.
நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு
போகமாட்டேன் என்கிறான்.
ஐந்து.

வெந்நீர். உப்பில்லாத பிஸ்கட் ஒன்று. மறுபடி வெந்நீர்.

731 தன்னை லக்சா என்று சொல்லிக்கொள்கிறது.
இறாலைத் தூரத்திலிருந்து பார்த்த தேங்காய்ப்பால்.
மூன்று. பரிதாபப்பட்டு நான்கு.

305, மிளகாய் நண்டு.
இனிப்பு முந்திக்கொண்டது, காரம் தாமதமாய் வந்தது,
நண்டு வரவேயில்லை.
தடுப்புக்கு அப்பால் பெங் குவான் தும்முகிறார்.
அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.
எடுத்துவிட்டேன்.

628, வெறும் உப்பு.
இதில்தான் தகராறு.
படிவத்தில் ஒரே கட்டம்: மொறுமொறுப்பு, ஒன்று முதல் ஒன்பது.
என் வாய்க்குள் அப்படியா இருக்கிறது?
கறுக்கென்று உடைவது கனத்தது.
நொறுநொறுவென்று உதிர்வது மெலிந்தது.
மொடமொடவென்று நிற்பது
கஞ்சி போட்ட சட்டை; உடம்போடு ஒட்டாது.
நாளை நமத்துவிடுவேன் என்று
இன்றைக்கே சொல்லிவிடும் ஒரு சத்தமும் உண்டு,
அதற்கு எங்கள் வீட்டிலும் பெயரில்லை.
குறிப்பு எழுதும் இடத்தில்
மொடமொட என்று தமிழிலேயே எழுதிவைத்தேன்.

ஷெரில் டான் படிவத்தோடு வந்தாள்.
இது உங்கள் கையெழுத்தா?
இல்லை, சத்தம், என்றேன்.
சத்தத்துக்கு எத்தனை?
ஒன்பதுக்குள் அடங்கவில்லை.
அடக்குங்கள், என்றாள், அன்பாகத்தான்.
ஆறு போட்டேன்.
மிஞ்சிய 628இல் ஒரு கைப்பிடி
பையில் முடிந்து தந்தாள்.

அட்மிரல்ட்டியில் ரயிலேறினேன்.
எதிரே அறிவிப்பு: தின்றால் ஐந்நூறு வெள்ளி.
என் சம்பளத்தில் அது எத்தனை அமர்வு
என்று வகுத்துப் பார்த்தேன். மீதி வந்தது.
காத்திப் தாண்டினால் அடுத்த நிலையம் வெகுதூரம்.
வெளியே மரங்கள், உள்ளே கவிழ்ந்த தலைகள்.
இருமப் போகிறவள் போல்
கையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

கடிக்கவில்லை.
கடித்தால் பெட்டியே திரும்பும்.
நாக்கின் மேல் படுக்கவைத்து
மேலண்ணத்தால் லேசாக அழுத்திக் காத்திருந்தேன்.

முதலில் உப்பு கரைந்து போனது.
பிறகு எண்ணெய் இளகி ஓரமாய் ஒதுங்கியது.
அந்த விறைப்புச் சட்டை
சத்தமே இல்லாமல் தோளிலிருந்து நழுவியது.
அப்புறம்
மாவாய், மெத்தென்று, சற்றே இனித்து,
ஈரமண் இன்னும் முழுதாய் விடாத ஒன்று.
ஆறு வருடமாய் இந்த வேலையில்
நான் சந்தித்தேயிராத ஆள்:
உருளைக்கிழங்கு.

ரயில் வேகம் குறைந்தது.
பக்கத்திலிருந்த அம்மாள் பைகளைத் தூக்கியபடி
அங் மோ கியோ இதுதானே என்றார்.
வாயைத் திறக்க மனமில்லை. தலையை ஆட்டினேன்.
அவர் இறங்கிவிட்டார்.

அது இயோ சூ காங்.