இருபத்துநாலு அடி மூன்று அங்குலம்

மாங்குளம் அலுவலகத்தில் வெள்ளி பின்னேரம்
ஒரு மாறிக்குப் பெயர் வைத்தேன்: மட்டம்.
சமன்குறிக்கு இருபுறமும் இடம் விடாமல்
டாலரும் வளைவடைப்பும் போட்டு
உள்ளே ஒரு கட்டளை.
அது பாலைப்பிட்டிக் குளத்துத் துருசடிக்குப் போய்
கம்பத்தில் கட்டிய பெட்டியைக் கேட்கும்,
தண்ணி எவ்வளவு?
பெட்டி சொல்வது திரையில் சிந்தாமல்
மட்டத்துக்குள் விழும்.

வளைவடைப்பை உற்றுப் பாருங்கள்,
ஏந்திய இரண்டு உள்ளங்கை.

ஒருக்கா ஏந்தினால் போதும்,
எத்தனை இடத்திலும் ஊற்றலாம்:
பதினேழு கமக்காரர் அமைப்புக்குக் குறுஞ்செய்தி,
முல்லைத்தீவுக்கு மின்னஞ்சல்,
பதிவுக் கோப்பில் ஒரு வரி.
ஊற்ற ஊற்றக் குறையாத தண்ணீர்.
அதில் எனக்கொரு சந்தோசம்.
சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனி இரவு ஒட்டுசுட்டான் பக்கம் கறுத்து
மழை பிடித்தது.
பத்து மணிக்கு இருபத்துநாலு அடி மூன்று அங்குலம்.
பதினொன்றுக்கும் அதே.
பன்னிரண்டுக்கும்.
ஓட்டில் விழுகிற மழையில்
என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை,
குளம் மட்டும் அசையவில்லை.
நல்ல குளம் என்று திரும்பிப் படுத்தேன்.
பதினேழு ஊரும் திரும்பிப் படுத்தது.

இரண்டு பத்துக்கு யோகசீலன்,
துருசு பார்க்கிறவன், என்னைவிட நாலு வயது குறைவு:
"மிஸ், உங்கட மெசேஜ் இருபத்துநாலு எண்டுது.
இஞ்ச கம்பத்தில இருபத்தாறு மறைஞ்சிட்டுது."

கரண்ட் இல்லை.
மடிக்கணினி வெளிச்சத்தில் வரி வரியாய் இறங்கினேன்.
கேள்வி சுற்றுக்கு வெளியே,
மேலே, தனியே நின்றது.
பத்து மணிக்கு ஒரேயொரு தடவை கேட்டிருக்கிறது.
பிறகு கேட்கவேயில்லை,
சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது.
பொய்யும் இல்லை.
பத்து மணிக்கு அது உண்மை.

அந்த வரியை நாலு வரி கீழே இறக்கினேன்.
அவ்வளவுதான் என் வேலை.
யோகசீலன் கொட்டும் மழையில்
இரண்டு கதவையும் திருகித் திறந்தான்.
விடிய வான் பாய்ந்தது.
ஆறு ஏக்கர் குடலைப் பயிர் அமிழ்ந்தது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
இராசநாயகத்தின் எட்டு ஆடு போனது.
அறிக்கைப் படிவத்தில் ஆட்டுக்கு நிரல் இல்லை;
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்.

செவ்வாய் இன்னொன்று.
பெட்டி பேசவில்லை.
பிழைச்செய்தி இந்தக் கைக்குள் விழுவதில்லை,
அதற்கு வேறு வாய்க்கால்,
நேரே திரையில் போய் விழும்.
நடுச்சாமத்தில் திரைக்கு முன்னால் யார்?
மட்டம் வெறுமை.
பதினேழு போனுக்கும் போனது:
நீர்மட்டம், பிறகு ஒரு வெளி, பிறகு அடி.

பொறியியலாளர் சுகிர்தன் சொன்னார்,
"வெறுமையா வந்தா கடைசி எண்ணைப் போட்டு விடும்.
சனம் பயப்படும்."
ஒரு வரி வேலை. எனக்குத் தெரியும்.
எழுதினேன்.
அந்தச் சனி இரவு மறுபடி என் முன்னால் படுத்திருந்தது.
அழித்தேன்.

இப்போது வெறுமையென்றால்
பதினேழு பேருக்கும் "தெரியவில்லை" என்று போகும்.
யோகசீலனுக்கு மட்டும்
"ஒருக்கா பார்த்துச் சொல்லும்."

பெட்டியின் பதிலில் வாலாய் வரும் வெற்று வரிகளை
ஷெல் தானே நறுக்கிவிடும்,
எண் மட்டும் மிஞ்சும்.
யோகசீலனின் வாலை நறுக்க
நான் இன்னும் எதுவும் எழுதவில்லை:

"இருபத்துமூண்டு பதினொண்டு மிஸ்.
டோர்ச் பற்றரி முடியுது, நாளைக்கு நாலு அனுப்புங்கோ.
பெட்டிக்குள்ள பாம்பொண்டு சுருண்டு கிடக்கு,
அதாலதான் கதைக்கேல்லப் போல.
நான் எழுப்பேல்ல."