மூன்று கிழமைக்கு மட்டும்

பேர் வைக்க வேண்டாம் என்றார் நிலூகா மிஸ்.
"பேர் வச்சா பிறகு விடமாட்டீங்க."
அதனால் நாங்கள் "ஏய்" என்றோம், "இந்தா" என்றோம்.
மகள் டிலக்ஷனா மட்டும்
ஆளில்லாத நேரத்தில்
அதன் காதில் வேறு ஏதோ.

ஏழாம் நம்பர் மலையில்
பன்றிக்கு வைத்த சுருக்கு.
இரண்டு ராத்திரி.
உட்கார்ந்தால் இறுகுமென்று
மழையில் நின்றே இருந்திருக்கிறது.

ஹட்டன் டொக்டர் குறடால் வெட்டி
தட்டில் போட்ட கம்பியை
ஒருமுறைதான் பார்த்தேன்.
நுனியில் நீல டேப், மூன்று சுற்று.
நான் சுற்றியது.
என் ஓட்டோவின் பழைய கிளட்ச் கேபிள்.
மருதவீரன் போன மாசம் கேட்டான்,
"வேலி கட்ட" என்றான்.
எதற்கென்று எனக்கும் தெரியும்.
என் மரவள்ளியையும்தான்
பன்றி விட்டுவைக்கவில்லை.

"யாராவது ஒரு மூணு கிழமை..."
மிஸ் முடிக்குமுன் கையைத் தூக்கினேன்.
நல்ல மனசு என்றார்கள்.
ஓட்டோக் கூலிகூட வாங்கவில்லை என்றார்கள்.

இஸ்தோப்பில் சாக்கு விரித்தோம்.
படுக்கவில்லை.
முதல் நாலு ராத்திரி நின்றபடியே தூங்கியது.
தலை தொங்கும், கால் மடியும்,
திடுக்கிட்டு நிமிரும்.
தகரத்தில் மழை.
காம்பிராவுக்குள் நானும் படுத்திருந்தேன்,
அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தங்கேஸ்வரி நீட்டிய
ரொட்டி விளிம்பை வாங்கிக்கொண்டது.
எட்டாம் நாள், படுத்தது.
அன்றைக்கே மருதவீரன் வந்தான்.
குந்தி உட்கார்ந்து
"பாவம், எவன் வச்சானோ" என்றான்.
அவன் கையை அது நக்கியது.
நான் என் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் அவனுடையதை.

பத்தொன்பதாம் நாள் கண்டியிலிருந்து வேன்.
நல்ல ஆட்கள், மதில் வைத்த வீடு.
சிவப்புக் கழுத்துப்பட்டி கொண்டுவந்திருந்தார்கள்.
அதை வளையமாக்கியதும்
எழுந்து
நாலு காலையும் ஊன்றி
நின்றது.
"எவ்வளவு அடக்கம்!" என்றார் அந்த அம்மா.

பட்டி வேண்டாம் என்று
நானே தூக்கிக்கொண்டுபோய் வேனில் வைத்தேன்.
மஞ்சள் வாசமும் நாய் வாசமும்
சட்டையில் ரெண்டு நாள்.

குறடு இப்போது சீட்டுக்கு அடியில்.
பிரட்டுக்குத் தப்பு அடிக்குமுன்
ஏழாம் நம்பருக்கு ஏறிவிட்டு வருகிறேன்.
நேற்று மூன்று அறுத்தேன்.
எதிலும் நீல டேப் இல்லை;
எவனுடைய கேபிள்களோ.
மரவள்ளி பாதி போய்விட்டது.
தங்கேஸ்வரி ஏசுகிறாள்.

அந்தப் பேரை டிலக்ஷனா
இன்னும் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.