இருபத்தேழாம் நிலை

களஞ்சியம் நிரம்பிவிட்டது.
ஆணி எண்பது, பலகை பன்னிரண்டு.
வேண்டியதோ கண்ணாடி.
அதற்கு ஆறு மணித்தியாலம்.

மஸ்கெலியா ஃபெக்டரி, நைட் ஷிஃப்ட்.
மேல்மாடியில் கொழுந்து வாடுகிறது,
அதற்கும் அவசரமில்லை.
விசிறி இரைச்சலுக்குள்
நகரத்தைத் திறக்கிறேன்.

முதல் இருபது நிலையும் மூன்றே நாளில் பறந்தது.
இப்போது
தெருவை அகலமாக்கச் சொல்கிறது.
ஏழு வீட்டைத் தூக்க வேண்டும்.

"முந்நூறு ரூபா கட்டு, முடிஞ்சிரும்"
என்கிறான் டிரையர் லோகிதன்.
சம்பளம் பத்தாம் திகதி.

தூக்கினேன்.
ஆற்றோரம் வைத்தேன்.
ஒரு நொடிதான்,
கூரைக்கு மேல் பச்சை முகம் சிரித்தது.
ஒருவரும் காணி உறுதி கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு
இலையைப் பிரட்டிவிட்டு வந்து பார்த்தால்
கண்ணாடிக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
ஏழு வீட்டிலும் விளக்கெரிகிறது.

தண்ணீர்க் குழாய் போட
மறந்துவிட்டேன்.