இறை

இறை என்றால் அரசன்.
இறை என்றால் கடவுள்.
இறை என்றால் அரசனுக்குச் செலுத்தும் வரி.
ஒன்பதாம் வகுப்பில் மூன்றையும் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவன்
இப்போது வடகண்டத்தில்
நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின்
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பருவகாலம் என்றால்
நெல் இருக்கும்வரை நான் அரசாங்கம்,
அதன்பின் மன்னார்குடியில் செல்போன் கடை.

"கவர்மெண்ட் வந்துட்டாரு" என்பார்கள் காலையில்
என் டிவிஎஸ் களத்துமேட்டில் ஏறும்போது.
கேலிதான். ஆனாலும் எழுந்து நிற்பார்கள்.
அது எனக்குப் பிடித்திருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

தையல்நாயகியின் குவியல்
வேப்பமரத்துக்குத் தெற்கே, பதினோரு நாளாய்.
மூன்று மா குத்தகை, தாளடி நெல்.
ஈரமானி பத்தொன்பது காட்டிய நாளில்
சாக்கு இருந்தது.
பதினேழுக்குக் காய்ந்து வந்த நாளில்
சாக்கு தீர்ந்திருந்தது.
அவள் யாரையும் திட்டவில்லை.
குவியலைச் சுற்றிச் சாணிப்பால் குறி போட்டுவிட்டு
பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

மாசி இரண்டு. இரவு இரண்டு மணி.
லாரி வரும் என்று நானும் அங்கேதான் கிடந்தேன்.
தகரத்தில் முதல் துளி விழுந்ததும்
காவலர் இன்னாசி டார்ச் அடித்து எண்ணினார்:
தார்ப்பாய் எட்டு.
எட்டும் அட்டியின் மேல், விதிப்படி.
அட்டியில் இருப்பது அரசு நெல்,
பட்டியல் போட்டாயிற்று, பணம் ஏறியாயிற்று,
நனைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
தரையில் கிடப்பது இன்னும் அவர்கள் நெல்.
நனைந்தால்
யாரும் யாரிடமும் எதையும் பிடிக்க மாட்டார்கள்.

வெண்கொற்றக்குடையின் கீழ்
நாடே இருந்தது என்று படித்திருக்கிறேன்.
அந்தக் குடை எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.
தார்ப்பாய் முப்பதுக்கு இருபது.
குவியல் பதினேழு.

இரண்டை உருவினேன்.
மூன்றாவதில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
ஒன்று தையல்நாயகிக்கு.
இன்னொன்று அடுத்திருந்த இரண்டு குவியலுக்குக் குறுக்காக.
மற்றவர்கள் சேலை போட்டார்கள், உரச்சாக்கு போட்டார்கள்,
போன தேர்தலின் ஃப்ளெக்ஸ் பேனரை
சிரிக்கும் முகம் நெல்லைப் பார்க்கப் போர்த்தினார்கள்.

மேலே மூடியாயிற்று.
தண்ணீர் கீழே வந்தது.
தூர்வாரியதாகக் கணக்கில் இருக்கும் வாய்க்கால்
கரை மீறிக் களத்துக்குள் நுழைந்து
குவியல்களின் காலைப் பிடித்தது.
"நிக்காதீங்க சார், இறைங்க!" என்றாள்.
கையில் கிடைத்தது
மாதிரி நெல் அள்ளும் தட்டு.
இறைத்தேன். இன்னாசி வாளியால் இறைத்தார்.
அவள் மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டுவந்து
சோற்றுக் குண்டானால் இறைத்தாள்.
ஒன்பதாம் வகுப்பில்
ஒரு பொருள் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அவள் நெல்லில் அடியில் ஒரு சாண் முளைத்தது.
மிச்சம் நாற்பத்தோரு மூட்டை, வாங்கினோம்.
அந்தப் பதினான்கு குவியல்காரர்கள்
இப்போது என்னைப் பார்த்தால் எழுந்திருப்பதில்லை.
நியாயம்தான்.

ஒன்பதாம் நாள் குறிப்பாணை வந்தது.
அரசு இருப்பில் அறுபத்திரண்டு மூட்டை நனைந்தது.
தார்ப்பாயை எந்த விதியின் கீழ் அகற்றினீர்?
மழையின் கீழ், என்று எழுதினேன்.
கிழித்துப் போட்டுவிட்டு
பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்
என்று தொடங்கினேன்.
கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

சித்திரையில்
செல்போன் கடைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.
தார்ப்பாய் வந்திருந்தது. இருபத்து நான்கு. புதுசு.
களத்தில் ஒரு மணி நெல் இல்லை,
வெயில் வெள்ளையாக நின்றது.
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
இன்னாசி ஒன்றைப் பிரித்து
வேப்பமரத்தடியில் விரித்து
அதன்மேல் படுத்துத் தூங்கிப்போனார்.